ஃபிளைட் சிமுலேட்டரில் இத்தாலியப் போர்க்கால விமானங்கள்: எவற்றைச் சேர்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரை வைத்து வரும் ஃபிளைட் சிமுலேட்டர்களில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் விமானங்கள் வரிசைகட்டி நிற்கும். இத்தாலிக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிகம். 2011-இல் வெளிவந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவரில் ஃபியட் ஜி.50, ஃபியட் பிஆர்.20 என இரண்டு இருந்தன. ஸ்டாலின்கிராடில் தொடங்கிய ஐஎல்-2 சிமுலேட்டர் வரிசையில் மாக்கி சி.202 தனி விலைக்கு வந்தது. மத்தியதரைக்கடல் களத்தை முழுமையாகச் செய்ய ஒரு குழு முன்வந்தால் எந்த விமானங்களுக்கு உழைப்பைச் செலவிடலாம் என்பதே இங்குள்ள கேள்விகளின் மையம். பதில்களில் என் சாய்வு வெளிப்படையாகவே இருக்கிறது.

தேர்வுக்கு என்ன அளவுகோல்?

அந்த விமானம் எந்த வானத்தில், எந்த வேலைக்காக, எத்தனை காலம் பறந்தது என்பதுதான். வேகப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுத்தால் 1943-இல் வந்த சில அழகான இயந்திரங்கள் மேலே வந்துவிடும். அவை போரில் கலந்துகொண்ட காலமோ சில மாதங்கள். இத்தாலி போரில் இறங்கியது 1940 ஜூன் 10. நேச நாடுகளுடன் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது 1943 செப்டம்பர் 8. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் சற்று அதிகமான காலத்தில் மால்ட்டா, லிபியா, எகிப்து, கிரீஸ், எரித்திரியா, உக்ரைன் எனப் பல இடங்களில் ரெஜியா ஏரோனாட்டிகா, அதாவது இத்தாலிய அரச விமானப்படை, தினமும் எதை ஓட்டியதோ அதுதான் முதலில் வர வேண்டும்.

ஒரே ஒரு விமானத்துக்குத்தான் இடம் என்றால்?

சவோயா-மார்கெட்டி எஸ்எம்.79 ஸ்பார்வியெரோ. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மூன்று இன்ஜின் கொண்ட இந்தக் குண்டுவீச்சு விமானம் முதலில் பறந்தது 1934-இல். உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் உலோகத் தகடும் மரப்பலகையும் துணியும் போர்த்தியது. இறக்கைகள் முழுவதும் மரம். விமானி அறைக்குப் பின்னால் முதுகில் ஒரு திமில் எழும்பி நிற்கும். மேல்பக்கத் துப்பாக்கிக்காரர் இருக்கும் இடம் அது. அதனால்தான் அதற்குச் 'சபிக்கப்பட்ட கூனன்' என்ற பட்டப்பெயர் வந்தது. கட்டப்பட்டவை 1,200-க்கும் மேல். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 430 கி.மீ. 1930-களின் நடுவில் பல சண்டை விமானங்களால் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 1941-இல் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஹரிக்கேன் எளிதாகப் பிடித்துவிடும்.

சிமுலேட்டருக்கு இதைவிட வளமான விமானம் கிடைப்பது கடினம். போரின் முதல் மாதங்களில் இது உயரத்திலிருந்து கப்பல்கள் மேல் குண்டு போட்டது. பெரும்பாலும் படவில்லை. ஆனால் 1940 ஜூலை 8 அன்று குளோஸ்டர் என்ற பிரிட்டிஷ் குரூசரின் தளபதி மேடையை ஒரு இத்தாலியக் குண்டு தாக்கியதில் அதன் கேப்டன் உட்படப் பலர் இறந்தார்கள். மறுநாள் புந்தா ஸ்டிலோ கடற்சண்டையில் இத்தாலியக் குண்டுவீச்சு விமானங்கள் தங்கள் நாட்டுக் கப்பல்கள் மேலேயே குண்டு போட்டன! நல்லவேளையாக அவையும் படவில்லை. கப்பலை உயரத்திலிருந்து அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பதை ஆட்டக்காரருக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான பணி எது?

பிறகு டார்பிடோ வந்தது. 1940 செப்டம்பரில் கென்ட், அக்டோபரில் லிவர்பூல், டிசம்பரில் கிளாஸ்கோ என்று மூன்று குரூசர்கள் அடுத்தடுத்து இந்த விமானங்களின் டார்பிடோவில் சேதமடைந்தன. 1941 செப்டம்பர் 27 அன்று பிரிட்டிஷ் தளமான மால்ட்டாவுக்குப் போன கப்பல் தொடரைக் காத்துவந்த நெல்சன் என்ற போர்க்கப்பலும் இத்தாலிய விமான டார்பிடோவில் அடிபட்டது. டார்பிடோ தாக்குதலை ஓட்டிப் பார்ப்பது தனி அனுபவம். கடல்மட்டத்துக்கு மேலே தாழ்வாக, நேராக, வேகம் மாறாமல், எதிரே பீரங்கிகள் சுடச்சுட நெருங்க வேண்டும். இலக்குக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். டார்பிடோவை விட்ட பிறகும் ஆபத்து முடிவதில்லை, கப்பலின் மேலேயோ ஓரமாகவோ தப்பி ஓடியாக வேண்டும். ஆறு பேர் வரை இருக்கும் விமானம் என்பதால் நண்பர்கள் சேர்ந்து ஓட்டவும் ஏற்றது.

அதில் என்ன சிக்கல்? ஏன் யாரும் முறையாகச் செய்வதில்லை?

செலவு. சண்டை விமானத்தில் ஒரே ஒரு விமானி அறையை வரைந்தால் போதும். இங்கே அருகருகே இரண்டு விமானிகள், பின்னால் பொறியாளர், வானொலிக்காரர், திமிலில் ஒரு துப்பாக்கி, வயிற்றுப் பக்கம் குண்டு குறிபார்ப்பவரின் கூண்டு, பக்கவாட்டு ஜன்னல்கள். குறிபார்ப்பவர் மற்ற நாட்டு விமானங்களைப்போல மூக்கில் உட்காரவில்லை; மூக்கில் மூன்றாவது இன்ஜின் இருக்கிறதே! அவர் உடலின் கீழ்ப்புறக் கூண்டில் இருந்தார். ஒவ்வோர் இடமும் தனித்தனியாக வடிவமைக்கப்பட வேண்டும். விற்பனை மட்டும் சண்டை விமானத்துக்குத்தான் அதிகம். கணக்குப் பார்க்கும் மேலாளரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இதைக் கணினி ஓட்டும் இலக்காக மட்டும் வைத்துவிட்டு 'இத்தாலியக் களம்' என்று பெயர் போட்டால் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

1940-இல் இரட்டை இறக்கை விமானமா? சிஆர்.42 வேடிக்கைப் பொருள்தானே?

அப்படி நினைப்பவர்கள் அதை ஒருமுறை பிரிட்டனின் இரட்டை இறக்கைச் சண்டை விமானமான கிளாடியேட்டருக்கு எதிராக ஓட்டிப் பார்க்கட்டும்.

ஃபியட் சிஆர்.42 ஃபால்கோ, செலஸ்தீனோ ரொசாத்தெல்லியின் வடிவமைப்பு. முதலில் பறந்தது 1938-இல், அதாவது ஸ்பிட்ஃபயர் பறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. காலம் கடந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் போர்க்கால இத்தாலியில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் இதுதான், சுமார் 1,800. பெல்ஜியம், ஹங்கேரி, ஸ்வீடன் ஆகியவையும் வாங்கின. 840 குதிரைத் திறன் கொண்ட ஃபியட் ஏ.74 இன்ஜின், இரண்டு 12.7 மி.மீ. பிரெடா-சாஃபாட் துப்பாக்கிகள், மணிக்குச் சுமார் 440 கி.மீ. வேகம், திறந்த விமானி அறை.

இதன் வேலைப்பட்டியலைப் பாருங்கள். மால்ட்டா மேல் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை. எகிப்து எல்லையில் கிளாடியேட்டர்களோடு சுழல் சண்டை. கிரீஸ். எரித்திரியா. பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து. பின்னாட்களில் குண்டு கட்டிக்கொண்டு தரைத்தாக்குதல், இரவுச் சண்டை. ஒரே விமானத்தை வைத்து மூன்று ஆண்டுகளுக்குப் பணிகள் எழுதலாம். இரட்டை இறக்கை விமானங்கள் ஒன்றோடொன்று மோதும் கடைசிப் போர் இது; அந்தச் சண்டையின் தாளம் தனி. வேகம் குறைவு, வட்டம் சிறியது, எதிரியின் முகம் தெரியும் தூரம். ஹரிக்கேன் வந்ததும் நிலைமை மாறும். ஹரிக்கேன் விமானிக்குச் சற்றுப் புத்தியிருந்தால் சுழலவே மாட்டார். மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, போய்க்கொண்டே இருப்பார். ஃபால்கோவில் இருப்பவர் வளைந்து தப்பித்துக்கொண்டே, எதிரி பொறுமை இழக்கக் காத்திருக்க வேண்டும். எனக்கு இந்தச் சமமின்மை பிடிக்கும்.

இங்கிலாந்துத் தாக்குதலை வைத்து ஆட்டம் எழுதலாமா?

எழுதலாம், ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். 1940 இலையுதிர் காலத்தில் பெல்ஜியத்தில் நிறுத்தப்பட்ட இத்தாலிய விமானப் பிரிவின் பெரிய நாள் நவம்பர் 11. பிஆர்.20 குண்டுவீச்சு விமானங்கள் சிஆர்.42-களின் துணையோடு ஹார்விச் துறைமுகத்தை நோக்கிப் போயின. ஹரிக்கேன்கள் எதிர்கொண்டன, இத்தாலியர்களுக்கு இழப்பு, பிரிட்டிஷ் தரப்பில் ஒரு விமானமும் போகவில்லை. அன்று இங்கிலாந்துக் கடற்கரையில் ஆர்ஃபர்ட் நெஸ்ஸில் இறங்கிய ஒரு சிஆர்.42 இன்று லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட கடலின் நவம்பர்க் குளிரில் திறந்த அறையில் உட்கார்ந்து வந்த அந்த விமானிகளை நினைத்தால் இரக்கம்தான் வருகிறது.

மாக்கி சி.200-ஆ, சி.202-ஆ?

இரண்டும். ஆனால் முதலில் சி.200 சயெட்டா.

இரண்டையும் வடிவமைத்தவர் மரியோ கஸ்தோல்தி. 1930-களில் உலக வேகச் சாதனை படைத்த மாக்கி கடல் விமானங்களும் அவருடையவைதான். சி.200 முதலில் பறந்தது 1937 டிசம்பர் 24. சிஆர்.42-இல் இருந்த அதே ஏ.74 இன்ஜின், வேகம் சுமார் 500 கி.மீ. இத்தாலியப் போர் தொடங்கிய மறுநாள், 1940 ஜூன் 11 அன்று, மால்ட்டா மேல் நடந்த முதல் தாக்குதலிலேயே எஸ்எம்.79-களுக்குத் துணையாகப் போனவை சயெட்டாக்கள். ஆரம்பகால விமானங்களில் ஒரு கெட்ட குணம் இருந்தது: இறுக்கமாகத் திருப்பினால் திடீரென்று கட்டுப்பாடிழந்து சுழன்று விழும். உயிர்கள் போன பிறகு இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை மாற்றிச் சரிசெய்தார்கள். சிமுலேட்டரில் முன்பின் இரண்டு வகைகளையும் வைத்தால் ஆட்டக்காரர் அந்த மாற்றத்தின் மதிப்பைக் கையாலேயே அறிவார்.

சி.202 ஃபோல்கோரே அதே உடலின் வழித்தோன்றல். மூக்கில் மட்டும் ஜெர்மன் டைம்லர்-பென்ஸ் டிபி 601 இன்ஜின். ஆல்ஃபா ரோமியோ உரிமம் வாங்கி அதைத் தயாரித்தது. 1940 ஆகஸ்ட் 10 அன்று முதலில் பறந்தது, 1941 செப்டம்பர் இறுதியில் சிசிலியில் போருக்கு வந்தது. மணிக்குச் சுமார் 600 கி.மீ. புரொப்பெல்லர் சுழலும்போது விமானம் ஒரு பக்கம் சாய முனையும். அதை ஈடுகட்ட இடது இறக்கையை வலதைவிடச் சுமார் 20 செ.மீ. நீளமாக வைத்தார்கள். பாலைவனத்தில் கிட்டிஹாக்கையும் ஹரிக்கேனையும் தாராளமாக எதிர்கொண்டது. ஓட்ட இனிமையானது என்று அதை ஓட்டியவர்கள் சொன்னதைப் பல வரலாறுகள் பதிவுசெய்கின்றன. குறை ஒன்றுதான்: நல்ல கத்தியை வைத்துக்கொண்டு கைப்பிடியால் குத்துவதைப் போன்ற ஆயுதபலம். அதைப் பற்றிக் கீழே.

ரஷ்யக் களத்தில் சி.202 வைத்தது சரிதானா?

தவறு என்று சொல்ல மாட்டேன், பொருத்தம் குறைவு. 1941 ஆகஸ்டில் கிழக்கு முனைக்குப் போன 22-ஆம் பிரிவு கொண்டுசென்றவை 51 சயெட்டாக்கள். 1942 செப்டம்பரில்தான் சுமார் ஒரு டஜன் ஃபோல்கோரேக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவை அதிகம் பறக்கவும் இல்லை. ரஷ்யப் பனியில் உழைத்தது சி.200. அங்கே 15 சயெட்டாக்களை இழந்து 88 வெற்றிகள் பெற்றதாக இத்தாலியர்கள் கணக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்து எல்லா விமானப்படைகளின் வெற்றிக் கணக்கையும் போல இதையும் கொஞ்சம் கழித்துப் பார்க்க வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ஒரு நன்மை உண்டு: தரையிலிருந்து வரும் துப்பாக்கிக் குண்டு பட்டு நீர் கசிந்து இன்ஜின் நின்றுபோகும் கவலை இல்லை. தாழப் பறந்து தரைப்படையைத் தாக்கும் வேலைக்கு அது பெரிய வரம்.

ஜி.50 வேண்டாமா?

இடம் மிஞ்சினால். சி.200-க்கும் இதற்கும் ஒரே இன்ஜின். வேகம் அதைவிடக் குறைவு. இதன் உண்மையான புகழ் பின்லாந்தில். அங்கே சென்ற முப்பத்துச் சொச்சம் ஜி.50-கள் சோவியத் விமானங்களுக்கு எதிராகச் சிறப்பாகப் போரிட்டன. பின்லாந்துக் களம் செய்பவர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜி.55, சி.205, ரெ.2005: எல்லோரும் கேட்பது இவற்றைத்தானே?

ஆம். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் ஜி.55 முதலிடத்தில் வரும். காரணம் புரிகிறது.

இந்த மூன்றையும் சேர்த்து '5 வரிசை' என்பார்கள். மூன்றிலும் டிபி 605 இன்ஜின். இத்தாலியில் அதை ஃபியட் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 20 மி.மீ. பீரங்கியும் ஒருவழியாக வந்துசேர்ந்தது. ஜுசெப்பே கப்ரியெல்லி வடிவமைத்த ஃபியட் ஜி.55 செந்தவ்ரோ 1942 ஏப்ரல் 30 அன்று பறந்தது. 1943 தொடக்கத்தில் ரோமுக்கு அருகே குய்டோனியாவில் ஜெர்மானியர்கள் தங்கள் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஜியையும் ஃபோக்கவுல்ஃப் 190-யையும் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஜி.55-ஐ வியந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். அதைப் பெருமளவில் தயாரிக்கும் பேச்சும் நடந்தது. ஆனால் ஒரு ஜி.55 கட்ட ஏறக்குறைய 15,000 மனித மணிநேரம் ஆனது, ஒரு 109-க்கு 5,000 போதும். பேச்சு அங்கேயே தேய்ந்துபோனது. 'உலகின் சிறந்த சண்டை விமானம்' என்று இணையத்தில் சிலர் கொண்டாடும்போது இந்த மூன்று மடங்குக் கணக்கைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மூன்றில் ஒன்றைச் சேர்ப்பதானால் நான் மாக்கி சி.205 வெல்ட்ரோவைச் சொல்வேன். கட்டப்பட்டவை 262 மட்டுமே; என்றாலும் 1943 வசந்தத்தில் தூனிசியாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலிலும், பின்பு சிசிலிப் படையிறக்கத்தின்போதும் போர்நிறுத்தத்துக்கு முன்பே உண்மையாகப் போரிட்டது. சி.202-இன் விமானி அறையை உருவாக்கியவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஜி.55-இன் பெரும்பகுதி வாழ்க்கை செப்டம்பர் 1943-க்குப் பிறகு, வட இத்தாலியில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்தே கழிந்தது. அந்தக் களத்துக்குத் தனி வரைபடம் வேண்டும். ரெஜ்ஜானே ரெ.2005 பார்க்க மிக அழகு. முன்மாதிரிகளையும் சேர்த்து ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அழகுக்காக மட்டும் ஆறு மாத உழைப்பைக் கேட்க முடியாது.

ரெஜ்ஜானேயிலிருந்து எதுவுமே வேண்டாமா?

ரெ.2001-ஐ ஒரு நாளுக்காகவே சேர்க்கலாம். 1942 ஆகஸ்ட் 12. பெடஸ்டல் என்ற பெயரில் 14 சரக்குக் கப்பல்கள் மால்ட்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ரெ.2001-கள் விக்டோரியஸ் விமானந்தாங்கிக் கப்பலை நெருங்கின. தூரத்தில் பார்த்தவர்களுக்கு அவை தங்கள் ஹரிக்கேன்களாகத் தெரிந்தன. அவை தளத்தின் மேல் குண்டு போட்டுவிட்டுப் போயின. குண்டு சரியாக வெடிக்காததால் கப்பல் தப்பியது. அதே நாளில் எஸ்எம்.79-இன் டார்பிடோ ஃபோர்சைட் என்ற நாசகாரிக் கப்பலை முடித்துவைத்தது. அதே நாளில் ஆளில்லாமல், வெடிமருந்து நிரப்பி, வானொலியால் இயக்கப்பட்ட ஓர் எஸ்எம்.79 கட்டுப்பாட்டை இழந்து அல்ஜீரிய மலையில் போய் மோதியது. ஒரே நாளில் இவ்வளவு! 14 கப்பல்களில் ஐந்துதான் மால்ட்டா போய்ச் சேர்ந்தன. பணி எழுதுபவர் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

ரெ.2000-ஐப் பெருமளவில் பயன்படுத்தியவர்கள் ஹங்கேரியரும் ஸ்வீடன்காரரும்தான். இத்தாலியக் களத்துக்கு அது வேண்டாம்.

மற்றக் குண்டுவீச்சு விமானங்கள்?

கான்ட் இசட்.1007 அல்ச்சோனே: மரத்தாலான மூன்று இன்ஜின் விமானம், ஃபிலிப்போ சப்பாத்தாவின் கைவண்ணம், ஒற்றை வால் இரட்டை வால் என இரண்டு வகை. கிரீஸ், மால்ட்டா களங்களில் முக்கியமானது. ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை என்பதால் அதன் உள்ளறையைத் துல்லியமாக வரைவது சிரமம், கணினி ஓட்டட்டும். நான்கு இன்ஜின் பியாஜ்ஜோ பி.108-ஐ வெளிப்புற இன்ஜின்களின் மேல் தூரக்கட்டுப்பாட்டுத் துப்பாக்கிகள் இருப்பதற்காகவே பலர் கேட்கிறார்கள். ஜிப்ரால்ட்டர் மேல் இரவில் சில முறை பறந்தது; முசோலினியின் மகன் புரூனோ 1941 ஆகஸ்ட் 7 அன்று பீசா அருகே இறந்தது இதில்தான். கட்டப்பட்டவை மிகச் சில. வேண்டாம்.

பிரெடா பா.88-ஐ வேண்டுமென்றே சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார் என்று தெரியும். 1937-இல் வேகச் சாதனைகள் படைத்த முன்மாதிரி, போர்க்கருவிகள் ஏற்றியதும் எழும்பவே திணறியது. 1940 செப்டம்பரில் லிபியாவில் மணல் வடிகட்டிகளை மாட்டியபோது இன்ஜின்கள் சூடேறி, உயரம் பிடிக்க முடியாமல், அணிவகுப்பில் சேர முடியாமல் போயிற்று. கடைசியில் எதிரி விமானங்களை ஏமாற்ற ஓடுதளத்தில் நிறுத்திவைத்தார்கள். ஆகவே தரையில் நிற்கும் பொருளாகச் சேர்த்தால் வரலாற்றுத் துல்லியம் குறையாது.

கடல் விமானங்கள்?

கான்ட் இசட்.506 ஐரோனே. கடலில் விழுந்த விமானிகளைத் தேடி எடுக்கும் பணியை அதில் கொடுக்கலாம். 1942 ஜூலையில் இத்தாலியர்கள் கடலிலிருந்து மீட்ட ஒரு பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் தரப்பு விமானத்தின் குழுவைக் கைதிகளாக இசட்.506-இல் ஏற்றிக்கொண்டு போனார்கள். கைதிகள் நடுவானில் விமானத்தைக் கைப்பற்றி மால்ட்டாவுக்கே ஓட்டிவந்துவிட்டார்கள். மால்ட்டாவின் ஸ்பிட்ஃபயர்கள் அதைச் சுடத் தொடங்கியதும் தண்ணீரில் இறங்கிப் பிழைத்தார்கள்.

எந்தக் குறைகளைக் கட்டாயம் உருவகப்படுத்த வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலான சிமுலேட்டர்கள் சறுக்குகின்றன. வேகத்தையும் ஏறும் வீதத்தையும் சரியாக வைத்துவிட்டு மற்றதை எல்லா நாட்டு விமானத்துக்கும் ஒரே மாதிரி விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது துப்பாக்கி. பிரெடா-சாஃபாட் 12.7 மி.மீ. கனமானது, நிமிடத்துக்குச் சுமார் 700 குண்டு சுடக்கூடியது. புரொப்பெல்லர் இலைகளுக்கு இடையே சுடும்போது இன்னும் குறையும். அமெரிக்க பிரௌனிங்கின் அதே விட்டம் என்றாலும் குண்டின் வலு குறைவு. அப்படிப்பட்ட துப்பாக்கிகள் இரண்டே இரண்டு. ஃபோல்கோரேவின் பின்னாள் வகைகளில் இறக்கைக்கு ஒன்றாகச் சிறிய 7.7 மி.மீ. துப்பாக்கி சேர்ந்தது, பெரிய மாற்றமில்லை. ஹரிக்கேனில் எட்டு. ஆகவே இத்தாலிய விமானி மிக அருகில் போய்த்தான் சுட வேண்டும். அதற்கு ஈடாக ஒரு நல்ல வசதி: எத்தனை குண்டு மிச்சம் என்று காட்டும் எண்மானி அவர் கண்முன் இருந்தது.

இரண்டாவது வானொலி. போரின் தொடக்கத்தில் பல இத்தாலியச் சண்டை விமானங்களில் வானொலியே இல்லை. இருந்தவற்றில் கேட்க மட்டும் முடிந்தது. இறக்கையை ஆட்டியும் கையை அசைத்தும்தான் பேசிக்கொண்டார்கள். திறந்த விமானி அறைமேல் அவர்களுக்கு இருந்த பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு நியாயம் கொடுத்தது. ஜி.50-க்கும் சி.200-க்கும் முதலில் மூடிய கண்ணாடி வைத்தார்கள். விமானிகள் வேண்டாம் என்று எடுக்கவைத்தார்கள். இணையவழி ஆட்டத்தில் 1940 இத்தாலிய அணிக்குக் குரல் தொடர்பைத் துண்டித்துப் பாருங்கள் என்று சொன்னால் எவரும் கேட்பதில்லை. செய்து பார்த்தவர்களுக்கு அன்றைய சண்டைகள் ஏன் அப்படி நடந்தன என்பது விளங்கும்.

மூன்றாவது திராட்டில், அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. முற்பகுதி இத்தாலிய விமானங்கள் பலவற்றில் அது நாம் பழகியதற்கு நேர்மாறு: முன்னே தள்ளினால் சக்தி குறையும், பின்னே இழுத்தால் கூடும். விருப்பத் தேர்வாக இதைக் கொடுத்தால் போதும். கட்டாயமாக்கினால் முதல் வாரத்திலேயே பாதிப் பேர் ஓடுதள முனையில் எரிந்துகொண்டிருப்பார்கள்.

நான்காவது, தன் தரப்பின் துப்பாக்கிச் சூடு. 1940 ஜூன் 28 அன்று லிபியாவின் ஆளுநர் இத்தாலோ பால்போ வந்த எஸ்எம்.79-ஐத் தோப்ரூக்கில் இத்தாலிய விமான எதிர்ப்புப் பீரங்கிகளே வீழ்த்தின. சற்று முன்னர்தான் பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. கீழே இருந்தவர்கள் பதற்றத்தில் இருந்தார்கள். சிமுலேட்டர்களில் தரைப்பீரங்கி தன் நாட்டு விமானத்தை எப்போதும் தவறாமல் அடையாளம் கண்டுகொள்கிறது. ஏன்?

எந்த வரைபடம்?

மால்ட்டாவும் சிசிலியின் தென்பகுதியும். இடையில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடல். கோமிஸோவிலிருந்து புறப்பட்டால் உயரம் பிடிப்பதற்குள் மால்ட்டா தெரிந்துவிடும்; வேலைக்குப் போய்வந்த பிறகு இரவில் ஒரு மணிநேரம் மட்டுமே கிடைக்கும் ஆட்டக்காரருக்கும் ஒரு முழுப் பணி முடியும். 1940-இன் கிளாடியேட்டர், பின் ஹரிக்கேன், 1942 மார்ச்சிலிருந்து ஸ்பிட்ஃபயர் என எதிரிகள் ஆண்டுதோறும் வலுப்பதால், நம் விமானங்களும் அதற்கேற்ப வரிசையாக வர இடமிருக்கிறது. பந்தெலெரியாவரை மேற்கே நீட்டினால் பெடஸ்டலின் கடைசிக் கட்டமும் உள்ளே வந்துவிடும். தோப்ரூக் பாலைவனம் இரண்டாவது.

கிழக்கு ஆப்பிரிக்கா?

பேராசை என்று தெரிந்தும் கேட்கிறேன். எரித்திரியாவில் இருந்த இத்தாலிய விமானப்படை தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. சிஆர்.42-களைப் பிரித்து எஸ்எம்.82 சரக்கு விமானங்களின் வயிற்றில் அடைத்து அனுப்பினார்கள். அங்கே பறந்த மரியோ விஸிந்தீனி சுமார் 16 வெற்றிகள் பெற்று, 1941 பிப்ரவரி 11 அன்று, வழிதவறிய தன் துணை விமானிகளைத் தேடிப் போய், மோசமான வானிலையில் மலையில் மோதி இறந்தார். அந்த நாட்களில் கீழே கேரன் மலைகளில் நடந்துகொண்டிருந்த சண்டையில் இருந்தவை 4-ஆம், 5-ஆம் இந்திய டிவிஷன்கள். மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர்களும் அவர்களோடு இருந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் தலைக்கு மேல் பார்த்த விமானங்கள் இவை. இந்தியாவில் இத்தனை ஆட்டக்காரர்கள் இருந்தும் இந்தக் களத்தை எவரும் தொடவில்லை.

எஸ்எம்.82-ஐப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: 1940 அக்டோபரில் நான்கு எஸ்எம்.82-கள் ரோட்ஸ் தீவிலிருந்து கிளம்பி, பஹ்ரைன் எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, எரித்திரியாவில் போய் இறங்கின. ஏறக்குறைய 4,000 கி.மீ. நீண்ட பறப்பை விரும்பும் பொறுமைசாலிகளுக்கு உரியது.

ஜெட் விமானம் ஒன்று இருந்ததாமே?

கப்ரோனி-கம்பீனி. 1940 ஆகஸ்டில் பறந்தது. சாதாரண இன்ஜின் காற்றை அழுத்தி, பின்னால் எரித்து வெளியேற்றும் ஏற்பாடு. வேகம் சிஆர்.42-க்கும் குறைவு. போரில் கலந்துகொள்ளவில்லை.

செப்டம்பர் 1943-க்குப் பிறகு எந்தச் சின்னம்?

நாடு இரண்டானது போலவே விமானப்படையும் இரண்டானது. தெற்கே நேச நாடுகளோடு சேர்ந்து பறந்தவர்கள், வடக்கே முசோலினியின் குடியரசுக்காகப் பறந்தவர்கள். ஒரே வகை விமானங்கள் இரு பக்கமும் இருந்தன. இதைத் தொடுபவர்கள் வண்ணப்பூச்சோடு நிறுத்திவிடக் கூடாது. டார்பிடோ விமானிகளில் மிகப் புகழ்பெற்ற கார்லோ எமனுவேலே புஸ்காலியா 1942 நவம்பரில் அல்ஜீரியக் கரையில் ஸ்பிட்ஃபயர்களால் வீழ்த்தப்பட்டார். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். வடக்கில் அவருடைய பழைய தோழர் கார்லோ ஃபஜ்ஜோனி தன் எஸ்எம்.79 டார்பிடோப் பிரிவுக்குப் புஸ்காலியாவின் பெயரையே சூட்டினார். 1944 ஏப்ரலில் ஆன்ஸியோ கடலில் தாக்குதலின்போது உயிரிழந்தார். புஸ்காலியாவோ தீக்காயங்களோடு பிழைத்து, நேச நாடுகளின் கைதியாக இருந்து, பின்பு தெற்கு விமானப்படையில் சேர்ந்திருந்தார். 1944 ஆகஸ்டில் அமெரிக்கத் தயாரிப்பான பால்ட்டிமோர் விமானம் ஒன்றை எழுப்பும்போது விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்தார்.

விமானி அறையை வரைய அசல் விமானங்கள் எங்கே இருக்கின்றன?

ரோமுக்கு வடக்கே விஞ்ஞா தி வால்லேயில் உள்ள இத்தாலிய விமானப்படை அருங்காட்சியகத்தில் எஸ்எம்.79, சி.202, சி.205, இசட்.506 ஆகியவை உள்ளன. இன்னொரு எஸ்எம்.79 த்ரெந்தோவின் கப்ரோனி அருங்காட்சியகத்தில். லிபியாவில் கைப்பற்றப்பட்ட சி.200 ஒன்று அமெரிக்காவின் டேட்டனில். சிஆர்.42-க்கு ஹெண்டனும் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கும். ஜி.50-க்கு பெல்கிரேட். மேலே நான் கேட்ட முதல் மூன்று விமானங்களுக்கும், அதாவது எஸ்எம்.79, சிஆர்.42, சி.200 ஆகியவற்றுக்கும், அளவெடுக்க அசல் இருக்கிறது.